பழைய மடிக்கணினியும் 3,770 ரூபாயும்

பென்ஷன் வாங்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சமீபத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது. செலவு பண்ணிப் பார்க்கலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் கணக்கும் காரணமும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். நான் கணினி படித்தவன் இல்லை. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 38 ஆண்டு ஃபைல் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தவன். இந்த விஷயத்துக்கு அந்த அனுபவமே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

என்னிடம் இருப்பது திங்க்பேட் எக்ஸ் 230 என்ற கறுப்பு மடிக்கணினி. 2012ஆம் ஆண்டு மாடல். பிரான்சில் இருக்கும் என் அக்கா மகன், அவனுடைய அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை வாங்கி 2017இல் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பன்னிரண்டரை அங்குலத் திரை, 4 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். பிரெஞ்சு விசைப்பலகை. போன வருடம் அவன் வந்திருந்தபோது அது திறப்பதற்குள் ஒரு காபி குடித்து முடித்தான். "மாமா, இது செத்துப்போன மெஷின். நான் புதுசு வாங்கித் தர்றேன், விட்டுடுங்க" என்றான். மகனும் அதையே சொன்னான். இருவருமே அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் பணத்தில் 50,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வந்து இறங்குவதற்கு முன்னால், இருக்கிற பொருளுக்கு உண்மையில் என்ன கேடு என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

தெரிந்துகொள்ள அவசரமும் இருந்தது. என் வேலை என்னவென்று இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதுவது ஒன்று. அக்கம்பக்கத்தாருக்குப் பழைய பிரெஞ்சுப் பதிவுகளைப் படித்துச் சொல்வது இன்னொன்று. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அன்றைக்குத் தாத்தா போட்ட கையெழுத்தைப் பற்றி இன்றைக்குப் பேரன் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் பதிவேடுகளின் பழைய பக்கங்கள் பலவற்றைப் பிரான்சின் எக்ஸ் நகரத்திலுள்ள ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. படம் கிடைத்துவிடும், அதைப் படிக்கத்தான் ஆள் வேண்டும்.

போன கோடையில் ஓர் அம்மா வந்தார். அவருடைய மாமனாரின் அப்பாவின் பிறப்புப் பதிவு. "அண்ணே, பையன் மனு போட்டிருக்கான். பேர் ஒத்துவரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். பதில் போட ஒரு மாசம்தான் டைம் இருக்கு" என்றார். பெயர் முத்து என்று தொடங்குகிறது. நம்முடைய 'உ' ஒலிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து போடுவார்கள். அந்தக் காலத்துப் பேனா எழுத்தில் 'யூ'வும் 'என்'னும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றை மற்றதாகப் படித்துவிட்டால் பெயர் வேறாகிவிடும், மனு மறுபடியும் திரும்பி வரும். அதே குமாஸ்தா அதே பதிவேட்டில் மற்ற பக்கங்களில் 'யூ'வை எப்படிச் சுழித்திருக்கிறார் என்று பெரிதாக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாலைந்து பக்கத்தைத் திறந்ததும் என் கணினி அசையாமல் நின்றுவிட்டது.

அலுவலகத்தில் ஒரு ஃபைல் நகரவில்லை என்றால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இப்போ யார் மேசையில நிக்குது?" என்பது. எல்லாருக்கும் மெமோ கொடுத்துப் பயனில்லை. ஒருவர் மேசையில்தான் அது நிற்கும். கணினியிலும் அப்படியே கேட்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற ஒரு பட்டியல் வரும். என்னைப் பொறுத்தவரை அது நிலுவை அறிக்கை. கணினி திணறும்போது அதைப் பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. என்னுடையதில் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் 94. டிஸ்க் 100, அதிலிருந்து இறங்கவே இல்லை. அதாவது அதிகாரி சும்மா உட்கார்ந்திருக்கிறார், மேசையில் இடமில்லை, பதிவறைக்குப் போன பியூன் திரும்பி வரவில்லை.

இந்த உவமை எனக்குப் பழகிவிட்டதால் இதையே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ராம் என்பது மேசை. ஹார்டு டிஸ்க் என்பது பதிவறை. இரண்டுக்கும் நடுவே ஓடுகிறவரை பிரெஞ்சுக் காலத்தில் பிளாந்தோன் என்போம். மேசை சின்னதாக இருந்தால் ஒரு ஃபைலை விரிக்க இன்னொன்றைப் பதிவறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த நிமிடமே அது மறுபடியும் தேவைப்படும். அப்படித்தான் ராம் போதாதபோது கணினி டிஸ்கையே ஓயாமல் ஓட வைக்கிறது.

பதிவேட்டுப் பக்கத்தின் படம் கோப்பாக இருக்கும்போது மூன்று, நான்கு எம்.பி.தான். சுருட்டிக் கட்டிய பாய் மாதிரி. திரையில் விரித்தால்தான் உண்மையான அளவு தெரியும். ஏ3 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வண்ணத்தில் எடுத்தால், 3,508க்கு 4,961 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். பெருக்கிப் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு 52 எம்.பி. வருகிறது. நாற்பது பக்கம் விரித்தால் 2 ஜி.பி.க்கு மேல். என்னிடம் இருந்ததோ மொத்தமே நாலு. அதில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

டிஸ்க் பக்கமும் கணக்குப் போட்டேன். பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு சுழல்கிறது. என்னுடையது நிமிடத்துக்கு 7,200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகர்ந்து வரும் நேரமும் அதோடு சேரும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளை எடுக்க வேண்டுமென்றால் விநாடிக்கு நூறு தடவைகூடத் தேறாது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை, எல்லாம் சில்லு. அது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும். கணினி திறப்பதற்கு ஐந்து நிமிடம் ஆவதன் ரகசியம் இவ்வளவுதான். வயது ஒரு காரணமே இல்லை.

ஆகவே வாங்க வேண்டியவை இரண்டு என்று முடிவாயிற்று. வாங்கக் கூடாதவற்றையும் எழுதி வைத்தேன். பட்ஜெட் என்று வந்துவிட்டால் அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

சிபியு: இந்த மாடலில் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தது. மாற்ற முடியாது, என் வேலைக்கு மாற்றவும் தேவையில்லை.

திரை: இதைவிட நல்ல பேனல் போடலாம் என்கிறார்கள். ஆனால் வீட்டில் பேரன் ஒதுக்கிய பழைய மானிட்டர் ஒன்று இருந்தது. இந்தக் கணினியில் வி.ஜி.ஏ. துளை இருக்கிறது. மாட்டினேன். ஒரு திரையில் பதிவேடு, இன்னொன்றில் நான் தட்டச்சு செய்வது. செலவு பூஜ்யம்.

பேட்டரி: கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி பேட்டரி ரிப்போர்ட் என்று கேட்டால், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அருகருகே வரும். என்னுடையது முப்பது சதவீதத்துக்கு வந்திருந்தது. முக்கால் மணி நேரம் தாங்கும். கரண்ட் போனால் எழுதியதைச் சேமித்து மூட அது தாராளம். இந்த வரிசை மாடல்கள் தங்களுக்கு ஒப்புதல் இல்லாத பேட்டரியை சார்ஜ் ஏற்றாது என்பதும் ஒரு காரணம். மலிவாகக் கிடைப்பதை வாங்கிவந்து மாட்டினால் பணம் வீண். ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் சிக்கனம் பார்க்காதீர்கள், அன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் பொருள்.

விசைப்பலகை: எல்லாரும் மாற்றச் சொன்னது இதைத்தான். பிரெஞ்சுப் பலகையில் மேல்வரிசை முதல் எழுத்து 'ஏ'. 'எம்' என்பது 'எல்'லுக்குப் பக்கத்தில். எண்களை அடிக்க வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்த வேண்டும். அழுத்தாமல் அடித்தால் தலையில் கோடு போட்ட 'ஈ'யும் வால் வைத்த 'சி'யும் வரும். மற்றவர்களுக்குத் தொல்லை; எனக்கு அந்த எழுத்துகள்தான் வேலையே. தமிழுக்கு நான் பயன்படுத்துவது தமிழ்99. அதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. விரல் இருக்கும் இடம்தான் கணக்கு, விசையின் மேல் அச்சிட்டிருப்பதை நான் பார்ப்பதே இல்லை. ஆக, அதுவும் மிச்சம்.

அடுத்தது உச்சவரம்பு. அரசாங்கத்தில் ஒரு ஜீப்பைக் கழித்துக்கட்டும் முன் பழுதுச் செலவு எவ்வளவு, வண்டியின் மதிப்பு எவ்வளவு என்று எழுதச் சொல்வார்கள். அதையே செய்தேன். அலுவலகங்களில் பயன்படுத்தி, சுத்தம் செய்து விற்கும் பிற்கால மாடல் மடிக்கணினி ஒன்றை அப்போது எனக்குச் சொன்ன விலை 16,000. அதில் கால் பங்கு, 4,000 ரூபாய். அதைத் தாண்டினால் பழையதை விட்டுவிட வேண்டும் என்று தாளில் எழுதித் தேதி போட்டேன். தேதி போடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஆயிரம், ஆயிரமாக நம்மை அறியாமல் ஏறிவிடும்.

ரிச்சி தெருவுக்கு நானே போனேன். சென்னைக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டு போக வேண்டும்: கணினியின் அடியில் உள்ள மாடல் எண், உள்ளே இருக்கும் ராம் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எழுத்துகள். அந்தச் சீட்டில் பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3. பிசி4 என்றால் டிடிஆர்4. ஒன்று மற்றதில் நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மடிக்கணினி ராமுக்கு டிடிஆர்3இல் 204 முனை, டிடிஆர்4இல் 260. என்னுடையது பிசி3-12800. இரண்டு துளை, ஒன்று காலி. அதிகபட்சம் 16 ஜி.பி. பழைய 4 ஜி.பி.யை அப்படியே விட்டு, பயன்படுத்திய 8 ஜி.பி. ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தம் 12. ராமில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி, சரியாக வருகிறதா என்று பார்த்து, ஒரு வார உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். மெலிதான புது மாடல்கள் சிலவற்றில் ராமும் பலகையோடு ஒட்டியிருக்கும். அவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

எஸ்.எஸ்.டி. மட்டும் புதிது. பழையது வாங்கக் கூடாது, ஏனென்றால் அது எழுத எழுதத் தேய்வது. கடைக்காரப் பையன் ஒரு சின்னப் பட்டையை நீட்டி, "சார், இது அஞ்சு மடங்கு ஸ்பீடு" என்றான். அது எம்.2 வகை. என் கணினியில் அதற்குத் துளையே கிடையாது. எனக்கு வேண்டியது இரண்டரை அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் கனம். 240 ஜி.பி., 1,650 ரூபாய். "2 டி.பி. எண்ணூறு ரூபாய்" என்று இணையத்தில் விளம்பரம் வரும். அந்த விலைக்கு அந்த அளவு வரவே வராது; உள்ளே சின்னச் சில்லை வைத்துப் பெரிய எண்ணைக் காட்டும் ஏமாற்று அது. எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பவர்களுக்கு: என்னுடையதற்குச் சொல்லியிருக்கும் அளவு 80 டி.பி. எழுதும் வரை. தினம் 10 ஜி.பி. எழுதினாலும் 8,000 நாள், அதாவது 21 ஆண்டுக்கு மேல். எனக்கு வயது 74.

மாட்டுவது நினைத்ததைவிடச் சுலபம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கையால் ஒரு இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்கு. ராமைச் சாய்த்துச் செருகி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் டக்கென்று பிடித்துக்கொள்ளும். டிஸ்க் பக்கவாட்டில் ஒரே ஒரு திருகாணிக்குள் இருக்கிறது. உருவி எடுத்து, புதியதை அதே ரப்பர் சட்டத்தில் வைத்துத் தள்ளினேன். மின்விசிறியையும் சிபியு மேல் தடவும் பசையையும் நான் தொடவில்லை. அதற்கு முழுக்கப் பிரிக்க வேண்டும். தெருமுனையில் கைபேசி பழுது பார்க்கும் தம்பி பார்த்தார். உள்ளே கடல் காற்றும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பசையோடு 400 ரூபாய்.

பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை. 350 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கூடு வாங்கி அதற்குள் வைத்தேன். அதற்கு முன் அதில் இருந்ததையெல்லாம் ஒரு தடவை வேறோர் இடத்தில் நகல் எடுத்துக்கொண்டேன். இப்போது அது மாதம் ஒருமுறை நகல் எடுக்கும் பெட்டி. எஸ்.எஸ்.டி. போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். ஹார்டு டிஸ்க் மாதிரி கரகரவென்று முன்னெச்சரிக்கை தராது. ஆகவே நகல் இல்லாமல் அதை நம்பக் கூடாது.

மென்பொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. வீட்டுப் பயனாளிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னொரு வருடம் நீட்டிப்பு உண்டு, அதற்குத் தனியே பதிய வேண்டும். விண்டோஸ் 11 என்றால் இன்டெல் சில்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறக்குறைய எதையும் ஏற்பதில்லை. என்னுடையது மூன்றாம் தலைமுறை. எவ்வளவு ராம் போட்டாலும் இந்தக் கதவு திறக்காது. வங்கி வேலையைக் கணினியில் செய்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. நான் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். இலவசம். தமிழும் பிரெஞ்சும் அதில் நன்றாகவே வருகின்றன. 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதாவது ஒன்று உங்களுக்கு அவசியம் என்றால், அதை முதலில் யோசித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

கணக்கு: ராம் 950, எஸ்.எஸ்.டி. 1,650, கூடு 350, பசையும் கூலியும் 400, சென்னை போய்வந்த போக்குவரத்து 420. ஆக 3,770. வரம்புக்குள் 230 ரூபாய் மிச்சம். முன்பு ஐந்து நிமிடம் ஆனது இப்போது அரை நிமிடம்.

அந்த அம்மாவின் விஷயத்தைக் கேட்பீர்கள். மறுநாளே உட்கார்ந்தேன். ஒரே பதிவேட்டில் முப்பத்தாறு பக்கத்தைத் திறந்து வைத்து, அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்தைப் பார்த்தேன். அவர் 'என்'னை எழுதும்போது முதல் வளைவை மேலே மூடுகிறார், 'யூ'வில் திறந்தே விடுகிறார். எந்தப் பக்கத்திலும் இது மாறவில்லை. எங்கள் பக்கத்தில் திறந்திருந்தது. ஓரக் குறிப்பில் திருமணப் பதிவின் தேதியும் இருந்தது. அதைத் தேடி எடுத்தால் அங்கே வேறொரு குமாஸ்தா, தெளிவான எழுத்தில் அதே 'யூ'. இரண்டையும் அச்செடுத்து, பிரெஞ்சில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. மனுவை எடுத்துக்கொண்டார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

அக்கா மகன் தொலைபேசியில், "அப்போ அது சாகல, மாமா?" என்றான். "டாக்டர்கிட்ட காட்டாமலே டெத் சர்டிஃபிகேட் எழுதிட்டே" என்றேன். சிரித்தான். அவன் வாங்கித் தர நினைத்த பணத்தை அவன் மகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் கடைக்குப் போகும் முன் அந்த நிலுவை அறிக்கையை ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்க் நூறில் நின்றால் எஸ்.எஸ்.டி., ராம் நிறைந்திருந்தால் ராம், இரண்டும் சும்மா இருக்க சிபியு மட்டும் நூறில் நின்றால் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தைப் புதியதற்குச் சேர்த்து வையுங்கள். வரம்பை எழுதித் தேதி போடுங்கள். சீட்டில் உள்ள எண்ணைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், அதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.